தண்டனைக்கு அளவுகோல் எது?



கொடிய குற்றம் ஒன்றைப் பற்றிய செய்தி நாளிதழில் வெளிவந்த அன்று, பனமரத்துப்பட்டியிலிருந்து சேலத்திற்குச் செல்லும் பேருந்திலாயினும், அரளிப்பூ எடை போடும் இடத்திலாயினும், கோயில் முற்றத்திலாயினும் எழும் பேச்சு பெரும்பாலும் ஒன்றே. "இவனுக்கெல்லாம் விசாரணை எதற்கு? பிடித்த இடத்திலேயே முடித்துவிட வேண்டும்" என்பர் சிலர். "வழக்கு நடக்கும், வக்கீல் வருவார், சில ஆண்டுகளில் வெளியே வந்துவிடுவான், ஏழைக்கு ஒரு நீதி, செல்வாக்குள்ளவனுக்கு ஒரு நீதி" என்பர் வேறு சிலர். இவ்விரு பேச்சுகளிலும் உண்மையான வேதனை இருக்கிறது. அதனை நாம் எள்ளி நகையாடலாகாது. ஆயினும், வேதனை வேறு, நீதி வேறு.

தண்டனை என்பது நம் கோபத்தின் அளவா? இழந்தவர் சிந்தும் கண்ணீரின் அளவா? அன்றி, குற்றம் புரிந்தவன் செய்ததற்கும், அவன் மனத்தில் இருந்ததற்கும் உரிய அளவா? இக்கேள்விக்கு விடை காணச் சட்டப் புத்தகங்களை மட்டும் புரட்ட வேண்டுவதில்லை. நம் பக்கத்து மாவட்டத்தில் நடந்து, நம் சேலத்து நீதிமன்றத்திலேயே தீர்ப்பளிக்கப்பட்ட ஒரு வழக்கு, குற்றவியல் சட்டத்தின் அடிப்படைகள் அனைத்தையும் நமக்குக் கற்றுத் தருகிறது. இம்மாதம் அதனைக் குறித்துச் சிந்திப்போம்.

கேளாமல் கொடுத்த தண்டனை

அதற்கு முன், நாம் யாவரும் அறிந்த ஒரு பழைய வழக்கை நினைவுகூர்வது நலம். சிலப்பதிகாரத்துப் பாண்டியன், பொற்கொல்லன் ஒருவன் சொன்ன சொல்லை நம்பினான். குற்றம் சாட்டப்பட்ட கோவலனை அழைத்து ஒரு வார்த்தை கேட்டானில்லை. அவன் கையிலிருந்த சிலம்பை உடைத்துப் பார்த்திருந்தால் உள்ளே இருந்தவை முத்துகளா, மாணிக்கங்களா என்பது அந்நேரமே விளங்கியிருக்கும். அந்தச் சிறு சோதனை கோவலன் இறந்த பின்னரே, கண்ணகி அரசவைக்கு வந்த பின்னரே நடந்தது. உண்மை தெரிந்தது, போன உயிர் திரும்பவில்லை. தன் பிழையை உணர்ந்த அரசனும் மாண்டான்.

"விசாரணை எதற்கு?" என்று கேட்போருக்கு இதுவே விடை. விசாரணை என்பது குற்றவாளிக்குக் காட்டும் சலுகையன்று. குற்றமற்றவன் சாகாமல் இருப்பதற்காகச் சமுதாயம் தனக்குத் தானே இட்டுக்கொண்ட வேலி. திருவள்ளுவரும் 'வெருவந்த செய்யாமை' என்னும் அதிகாரத்தைத் தொடங்கும்போது, முதலில் ஆராய்தலையும், பின்னர் குற்றத்திற்கு ஒத்த அளவில் ஒறுத்தலையும் அரசனுக்குக் கடமையாக வைக்கிறார். ஆராய்ச்சி முன்னே, தண்டனை பின்னே. இந்த வரிசை மாறினால் நீதி என்ற சொல்லுக்கே பொருளில்லை.

இலக்கியம்பட்டியில் நடந்தது

2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள். கொடைக்கானல் பிளசன்ட் ஸ்டே விடுதி வழக்கில் முன்னாள் முதலமைச்சர் ஜெயலலிதாவுக்குச் சென்னைத் தனி நீதிமன்றம் ஓராண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அதனைக் கண்டித்து அவருடைய கட்சியினர் பல ஊர்களில் மறியலில் இறங்கினர். சேலத்திலிருந்து தொப்பூர்க் கணவாயைக் கடந்து சென்றால் வரும் தர்மபுரியிலும் மறியல் நடந்தது. அந்நகரை அடுத்த இலக்கியம்பட்டியில், கல்விச் சுற்றுலா வந்திருந்த கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழக மாணவியரின் பேருந்து நின்றது. அதற்குள் பெட்ரோல் ஊற்றித் தீ வைக்கப்பட்டது. பலர் உயிர் தப்பினர். நாமக்கல் கோகிலவாணி, விருத்தாசலம் காயத்ரி, சென்னை ஹேமலதா ஆகிய மூவரும் தீயில் கருகி மாண்டனர்.

மதுரையை எரிக்கத் துணிந்த கண்ணகியும், முதியோரையும் குழந்தைகளையும் பத்தினிப் பெண்டிரையும் தீண்டலாகாது என்று தீக்குக் கட்டளையிட்டதாகக் காப்பியம் கூறும். இலக்கியம்பட்டித் தீக்கு அந்த எல்லைகூட இல்லை. எந்த வழக்கோடும், எந்தக் கட்சியோடும் தொடர்பில்லாத மூன்று பெண்மக்கள் அதற்கு இரையாயினர்.

இதில் நாம் ஊன்றி நோக்க வேண்டிய செய்தி மற்றொன்று உண்டு. எந்தத் தீர்ப்பைக் கண்டித்து அத்தீ மூட்டப்பட்டதோ, அந்தத் தீர்ப்பை 2001-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கி, ஜெயலலிதாவை விடுவித்தது. மேல்முறையீடு என்னும் வழி திறந்தே இருந்தது. இரண்டாண்டுகளுக்குள் அவ்வழியே பயனும் கிட்டியது. ஆனால், நெருப்புக்கு மேல்முறையீடு ஏது? நீதிமன்றத்தின் பிழையை மேல் நீதிமன்றம் திருத்தலாம். கும்பலின் பிழையைத் திருத்துவார் எவருமிலர்.

முதற் கேள்வி: அவன்தான் செய்தானா?

குற்றவியல் சட்டம் கேட்கும் முதற் கேள்வி இதுவே. குற்றம் சாட்டப்பட்டவன் குற்றவாளி என்று மெய்ப்பிக்கப்படும் வரையில் குற்றமற்றவனாகவே கருதப்படுவான். மெய்ப்பிக்கும் சுமை அரசுத் தரப்பைச் சார்ந்தது; அதுவும் நியாயமான ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டும். நம் அரசியலமைப்பின் 20-ஆம் பிரிவு மேலும் சில அரண்களை அமைத்துள்ளது. ஒரு செயல் நிகழ்ந்த அன்று அது குற்றமென எந்தச் சட்டமும் கூறாதிருந்தால், பின்னர் ஒரு சட்டம் இயற்றி அதற்காக ஒருவனைத் தண்டித்தல் ஆகாது. ஒரே குற்றத்திற்காக இருமுறை தண்டித்தல் ஆகாது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி ஒருவனைக் கட்டாயப்படுத்துதலும் ஆகாது.

காவல்துறை அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் கொண்டு ஒருவனைக் குற்றவாளியெனத் தீர்த்தலாகாது என்பது 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் முதல் இன்றுவரை பொது விதியாக இருந்து வருகிறது. நம்மில் சிலருக்கு இது வியப்பாகத் தோன்றலாம். பாவசங்கீர்த்தனத்தில் நாம் செய்யும் அறிக்கை மனஸ்தாபத்தினின்று தானே பிறப்பது. அதனால்தான் அதற்கு மதிப்பு. அச்சத்தினின்று பிறக்கும் அறிக்கையோ உண்மையாகவும் இருக்கலாம், அடிக்குப் பயந்த பொய்யாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய வழியில்லாதபோது, சட்டம் அதனை நம்ப மறுக்கிறது.

ஆகவே, வழக்கு சாட்சிகளின் தோளின்மேல் நிற்கிறது. தானியேல் ஆகமத்தில் வரும் சூசன்னாவின் வரலாற்றை எண்ணிப் பாருங்கள். ஊர்ப் பெரியோர் இருவர் ஒன்றுகூடிப் பொய் சொன்னார்கள். சபையும் அதனை நம்பி அவளுக்கு மரணத் தீர்ப்பளித்தது. இளைஞனான தானியேல் அவ்விருவரையும் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டீர்கள் என்று வினவினான். ஒருவன் ஒரு மரத்தைச் சொன்னான். மற்றவன் வேறொரு மரத்தைச் சொன்னான். பொய் வெளிப்பட்டது. இன்று நீதிமன்றத்தில் வக்கீல்கள் நடத்தும் குறுக்கு விசாரணையின் பயன் இதுவே.

சாட்சி பொய் சொன்னால் குற்றமற்றவர் மடிவர். சாட்சி அஞ்சி வாய் மூடினால் இறந்தவர் இரண்டாம் முறை சாவர். இலக்கியம்பட்டி வழக்கில் இந்த இரண்டாவது ஆபத்து நேர்ந்தது. முதலில் கிருஷ்ணகிரி அமர்வு நீதிமன்றத்தில் விசாரணை நடந்தபோது, சாட்சிகள் பலர் தாம் முன்னர் கூறியதற்கு மாறாகப் பேசிப் பிறழ் சாட்சிகளாயினர். வழக்கு சரிந்துவிடும் என்ற நிலையில், கோகிலவாணியின் தந்தை சென்னை உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். 2003-ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் அவ்விசாரணையை விலக்கி, சேலத்தில் புதிதாகத் தொடங்குமாறு ஆணையிட்டது. மகளை இழந்த ஒரு தந்தை அரிவாளை எடுக்கவில்லை, மனுவை எடுத்தார். அவ்வழக்கு பிழைத்தது அந்த மனுவினால்தான்.

இரண்டாம் கேள்வி: அவன் மனத்தில் இருந்தது என்ன?

மறைக்கல்வி வகுப்பில் நம் பிள்ளைகள் கற்கும் ஒரு பாடம் உண்டு. ஒரு செயல் சாவான பாவமாவதற்குக் கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம் ஆகிய மூன்றும் வேண்டும். ஏறத்தாழ இதே பாடத்தைத்தான் குற்றவியல் சட்டமும் தன் வழியில் கூறுகிறது. கை செய்ததை மட்டும் பார்த்தால் போதாது. மனம் எண்ணியதையும் பார்க்க வேண்டும் என்பது அதன் இரண்டாவது அடிப்படை.

ஒரு மனிதர் இறந்து கிடக்கிறார் எனக் கொள்வோம். சாலையில் கவனமின்றி லாரி ஓட்டியவனால் அவர் இறந்திருக்கலாம். வாய்க்கால் தண்ணீருக்காகத் திடீரென மூண்ட சண்டையில், கையிலிருந்த மண்வெட்டியால் விழுந்த ஒரே அடியில் இறந்திருக்கலாம். அல்லது, நெடுநாட் பகையை மனத்தில் வளர்த்து, அவர் வரும் வழியில் இருட்டில் காத்திருந்து ஒருவன் வெட்டியதால் இறந்திருக்கலாம். மூன்றிலும் போன உயிர் ஒன்றே. மூன்று வீட்டிலும் ஒரே அழுகுரல்தான். ஆனால் மூன்றும் ஒரே குற்றமல்ல. முதலாவது அசட்டைக் குற்றம். பொதுவாக அதற்கு ஐந்தாண்டு வரை சிறை. இரண்டாவது, திடீர்ச் சண்டையென்றும் முன்திட்டம் இல்லையென்றும் மெய்ப்பட்டால், கொலையாகாத மரணம் விளைவித்தல். மூன்றாவது கொலை, அதற்கு ஆயுள் தண்டனை அல்லது மரண தண்டனை. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்திற்குப் பதிலாக 2024-ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இந்தப் பாகுபாடு அப்படியே இருக்கிறது.

"பேருந்தைக் கொளுத்துவதே எண்ணம், மாணவியரைக் கொல்வதன்று" என்று ஒருவன் சொல்வானாகில், சட்டம் என்ன விடை கூறும்? ஆட்கள் நிறைந்த பேருந்தில் பெட்ரோலை ஊற்றித் தீ வைப்பவன், அதனால் உயிர் போகும் என்பதை அறியாதிருக்க முடியாது. அந்த அறிவே போதும். அதனால்தான், இவ்வழக்கில் மூவர் புரிந்தது கொலையே என்ற முடிவு, வழக்கு சென்ற எல்லா நீதிமன்றங்களிலும் மாறாமல் நின்றது.

இதனோடு சேர்ந்து வருவது மற்றோர் அடிப்படை. கூட்டத்தில் நின்று செய்தாலும் ஒவ்வொருவனும் தன் பங்கிற்குத் தானே பொறுப்பாளி. அதே வேளையில், கூட்டம் செய்த அனைத்தையும் கூட்டத்தில் நின்ற அனைவர் தலையிலும் ஒரே அளவில் சுமத்தலும் ஆகாது. இவ்வழக்கில் 31 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. விசாரணைக் காலத்தில் ஒருவர் இறந்தார், இருவர் விடுவிக்கப்பட்டனர். 2007-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் நாள் சேலம் அமர்வு நீதிமன்றம் மூவருக்கு மரண தண்டனையும், 25 பேருக்குச் சிறைத்தண்டனையும் விதித்தது. ஒரே நாள், ஒரே கும்பல், ஒரே தீ. ஆயினும் அவரவர் பங்கு வெவ்வேறு. இப்படிப் பிரித்துப் பார்ப்பது நீதிபதியின் கடமை. பிரித்துப் பார்க்கத் தெரியாதது கும்பலின் இயல்பு.

மூன்றாம் கேள்வி: உரிய தண்டனை எது?

குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதும் தண்டனை தானே வந்து விழுந்துவிடுவதில்லை. 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் ஓர் அரிய விதியைக் கொண்டு வந்தது. பெரிய வழக்குகளில் ஒருவன் குற்றவாளி என்று தீர்த்த பின்னர், தண்டனையின் அளவைப் பற்றி நீதிபதி அவனைத் தனியே கேட்க வேண்டும். அவன் வயது என்ன, குடும்பம் என்ன, முன்னர் குற்றம் புரிந்தவனா, திருந்தும் இயல்புடையவனா என்பவற்றை எல்லாம் ஆராய வேண்டும். அச்சட்டத்திற்குப் பதிலாக இன்று நடைமுறையில் உள்ள சட்டத்திலும் அவ்விதி உண்டு.

தண்டனையின் நோக்கங்கள் நான்கு என்பர் அறிஞர். செய்த தீமைக்கு உரிய பலனை அளித்தல், பிறர் அதனைச் செய்யாதபடி அச்சுறுத்தல், தீயவனிடமிருந்து சமுதாயத்தைக் காத்தல், தவறியவனைத் திருத்துதல். இந்நான்கில் ஒன்றை மட்டும் பற்றிக்கொண்டு மற்றவற்றைக் கைவிட்டால் அநீதியே விளையும். பழிக்குப் பழி மட்டும் போதுமென்றால் சிறைச்சாலை எதற்கு? திருத்துவது மட்டும் போதுமென்றால், மகளை இழந்த தாய்க்கு நாம் கூறும் மறுமொழி என்ன? பழைய ஏற்பாட்டில் வரும் 'கண்ணுக்குக் கண்' என்ற விதிகூட, ஒரு கண்ணுக்குமேல் பழி வாங்காதே என்று பழிக்கு எல்லை வகுக்க வந்ததே என மறைநூல் வல்லுநர் விளக்குவர்.

மரண தண்டனையைப் பற்றி நம் சட்டம் நடந்து வந்த வழி கருதத்தக்கது. 1955-ஆம் ஆண்டிற்கு முன்னர், கொலைக்கு மரண தண்டனையே வழக்கமாய் இருந்தது. அதைக் குறைத்து ஆயுள் தண்டனை வழங்கினால் நீதிபதி அதற்குக் காரணம் எழுத வேண்டியிருந்தது. 1973-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தலைகீழாக்கியது. ஆயுள் தண்டனை பொது விதியாயிற்று; மரண தண்டனை விதித்தால் அதற்குச் சிறப்புக் காரணங்கள் கூற வேண்டும் என்றாயிற்று. 1980-ஆம் ஆண்டு பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், அரிதினும் அரிதான வழக்கில் மட்டுமே மரண தண்டனை விதிக்கலாம் என்றும், குற்றத்தை மட்டுமன்றிக் குற்றவாளியையும் நோக்க வேண்டும் என்றும் வகுத்தது. அமர்வு நீதிமன்றம் விதிக்கும் மரண தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் நிறைவேற்றுதலும் இயலாது.

சேலத்தில் விதிக்கப்பட்ட மரண தண்டனையை 2007-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 2010-ஆம் ஆண்டு ஆகஸ்டு 30-ஆம் நாள் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது; தற்காத்துக்கொள்ள வழியற்ற மாணவியர் எரிக்கப்பட்ட கொடுமை சமுதாயத்தின் மனச்சாட்சியையே உலுக்கியது என்பது அத்தீர்ப்பின் சாரம். பின்னர், 2014-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு, மரண தண்டனைக்கு எதிரான சீராய்வு மனுக்களைத் திறந்த நீதிமன்றத்தில் கேட்க வேண்டும் என்று கூறியது. அதன்படி இவ்வழக்கும் மீண்டும் கேட்கப்பட்டது. 2016-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள் மரண தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. அம்மாணவியரைக் கொல்ல வேண்டுமென்ற முன்திட்டம் இருந்ததில்லை, கும்பல் வெறியில் மதி மயங்கிச் செய்த செயல் என்பதே காரணம்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். அவர்கள் கொலைகாரர் என்ற முடிவு மாறவில்லை. கொலையின் கொடுமையை எவரும் குறைத்துப் பேசவுமில்லை. மாறியது தண்டனையின் அளவு மட்டுமே. இரண்டாம் கேள்விக்கான விடை வேறு, மூன்றாம் கேள்விக்கான விடை வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலாது. கும்பல் வெறி குற்றத்தை மன்னிக்கும் சாக்கன்று. ஆனால் திட்டமிட்டுக் கொன்றவனுக்கும், வெறியில் கொன்றவனுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைக் காண மறுத்தால், தண்டனை அளக்கும் கோலாக இராமல் வெறும் அடிக்கும் கோலாகிவிடும்.

திருச்சபையின் மனமும் இத்திசையிலேயே வளர்ந்து வந்துள்ளது. 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆப்பிரிக்காவில் பிரிவினைக் கூட்டத்தார் ஒரு குருவைக் கொன்று, மற்றொரு குருவின் கண்ணைத் தோண்டி விரலையும் வெட்டினர். ஆயராயிருந்த புனித அகுஸ்தீன், வழக்கை விசாரித்த அரசு அதிகாரி மார்செல்லினுஸுக்குக் கடிதம் எழுதினார். குற்றவாளிகளைத் தண்டிக்க வேண்டாம் என்று அவர் எழுதவில்லை. அவர்களைக் கொல்லாமலும், உறுப்புக்கு உறுப்பு சிதைக்காமலும் திருந்தும் வழியில் தண்டிக்குமாறு வேண்டினார். 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டில் திருத்தந்தை பிரான்சிஸ், மரண தண்டனை ஏற்கத்தக்கதன்று என்று திருச்சபையின் மறைக்கல்வி ஏட்டைத் திருத்தியமைத்தார்.

மன்னிப்பும் விடுதலையும்

"அப்படியானால், மன்னித்துவிட்டால் தண்டனையே வேண்டாமா?" என்று நம்மவர் கேட்கலாம். 1999-ஆம் ஆண்டு ஜனவரி 22-ஆம் நாள் இரவு, ஒரிசா மாநிலம் மனோகர்பூரில், தொழுநோயாளருக்குத் தொண்டு புரிந்த கிரகாம் ஸ்டெயின்ஸ் என்பவரும், அவருடைய சிறு புதல்வர் இருவரும், தாங்கள் உறங்கிய வாகனத்தோடு எரிக்கப்பட்டனர். அவர் மனைவி கிளாடிஸ் அம்மையார் கொலையாளிகளை மன்னித்ததாக வெளிப்படையாக அறிவித்தார்; அங்கேயே தங்கித் தொண்டைத் தொடர்ந்தார். ஆயினும் வழக்கு நின்றுவிடவில்லை. விசாரணை நீதிமன்றம் 2003-இல் முதன்மைக் குற்றவாளிக்கு மரண தண்டனை விதித்தது. 2005-இல் ஒரிசா உயர் நீதிமன்றம் அதனை ஆயுள் தண்டனையாக்கியது. 2011-இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. மன்னிப்பு கிளாடிஸ் அம்மையாரின் நெஞ்சிற்கு உரியது. தண்டனை நாட்டின் சட்டத்திற்கு உரியது. ஒன்று மற்றொன்றை அழிப்பதில்லை.

இலக்கியம்பட்டி வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற மூவரும், எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டிக் கைதிகளை முன்கூட்டியே விடுவிக்கும் அரசின் திட்டத்தின்கீழ், 2018-ஆம் ஆண்டு நவம்பர் 19-ஆம் நாள் வேலூர்ச் சிறையிலிருந்து விடுவிக்கப்பட்டனர். ஆயுள் தண்டனை என்றால் 14 ஆண்டு என்று பலர் எண்ணுகின்றனர், அது தவறு. சட்டப்படி அது ஆயுள் முடியும் வரையிலான சிறையே. அதனைக் குறைக்கும் அதிகாரம் ஆளுநருக்கும் அரசுக்கும் உண்டு. அந்த அதிகாரம் இருப்பது நல்லதே. திருந்தியவனுக்குத் திறக்காத சிறைக்கதவு, திருந்து என்று சொல்லும் தகுதியை இழக்கிறது.

ஆயினும், ஒன்றைச் சொல்லாமல் இருத்தல் ஆகாது. தண்டனை அளிக்கும் நீதிபதி காரணங்களைப் பக்கம் பக்கமாக எழுதுகிறார். தண்டனையைக் குறைக்கும் அரசும் அவ்வாறே, யார் எவ்வாறு திருந்தினார் என்ற காரணத்தை எழுதி, நாடறியச் சொல்ல வேண்டும்; பிள்ளையை இழந்த பெற்றோரின் வார்த்தையையும் கேட்க வேண்டும். ஒரு தலைவரின் நூற்றாண்டு என்பது விழாவிற்குக் காரணமாகலாம். அந்த மூன்று வீடுகளுக்கு அது காரணமாகத் தோன்றாது. கருணையும் ஒரு வரம்பிற்குள் நடக்க வேண்டும் என்பதற்கு அண்மைச் சான்றும் உண்டு: 2024-ஆம் ஆண்டு ஜனவரியில், குஜராத்தில் 11 பேருக்கு அளிக்கப்பட்ட தண்டனைக் குறைப்பை, அதனை அளிக்க அம்மாநில அரசுக்கு அதிகாரமில்லை என்று கூறி உச்ச நீதிமன்றம் நீக்கிற்று.

நம் இல்லங்கள் செய்ய வேண்டுவன

கொலை வழக்குகள் நம் வீட்டு வாயிலுக்கு வருவது அரிது. சிறு குற்றங்களோ வருகின்றன. நம் பிள்ளை ஒருவன் தவறான நட்பினால் சிறு திருட்டில் சிக்கிக்கொண்டால், அவன் வாழ்வே முடிந்தது என்று மனம் உடைய வேண்டாம். பொய் சொல்லி அவனைத் தப்புவிக்கவும் வேண்டாம். 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டப்படி, பல குற்றங்களில் 21 வயதிற்கு உட்பட்டவரைச் சிறைக்கு அனுப்பாமல், நன்னடத்தைப் பிணையில் விடவே நீதிமன்றம் முதலில் நினைக்க வேண்டும். புதிய சட்டத்தின்படி, ஐந்தாயிரம் ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதன்முறை திருடியவன் அதனைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், சமூக சேவையே தண்டனையாகலாம். வக்கீல் அமர்த்த வசதியற்றோருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச உதவி அளிக்கிறது. 15100 என்ற எண்ணில் தொலைபேசி வாயிலாகவும் கேட்கலாம். 2022-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோரில் நான்கில் மூன்று பங்கினர், தீர்ப்புக்காகக் காத்திருந்த விசாரணைக் கைதிகளே. அவர்களுள் எத்தனை ஏழைகள் இந்த உதவியை அறியாமல் கிடந்தனரோ!

கூட்டத்தோடு கூடிக் கையில் கல்லையோ தீயையோ எடுக்க வேண்டாம் என்று நம் இளைஞருக்குச் சொல்லி வளர்ப்போம். பிலாத்து இயேசுவிடம் குற்றம் காணவில்லை. கூட்டத்தின் கூச்சலுக்கே பணிந்தான். கூச்சலுக்குப் பணிந்து கொடுத்த தீர்ப்பின் நினைவுதான் நம் கோயில் ஒவ்வொன்றிலும் சிலுவையாய் நிற்கிறது. பிடித்த இடத்திலேயே முடித்துவிட வேண்டும் என்று பேருந்தில் பேசும்போது, நாமும் அக்கூட்டத்தின் நடுவே நிற்கிறோம் என்பதை மறவாதிருப்போம்.

எல்லாவற்றிற்கும் மேலாக, சாட்சி சொல்ல அழைப்பாணை வந்தால் அஞ்சி ஒளியாதிருப்போம். பொய்ச்சாட்சி சொன்னால் ஏழாண்டு வரை சிறை என்கிறது சட்டம். பொய்ச்சாட்சியை விலக்கும் எட்டாம் கட்டளையோ அதற்கும் முந்தியது. மிரட்டல் வருமாயின், சாட்சிகளைக் காப்பதற்கென 2018-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ஏற்ற திட்டம் உண்டு. மாவட்ட அளவிலேயே அதற்கு மனுச் செய்யலாம். பக்கத்து வீட்டாரின் பகை வரும், கட்சிக்காரர் முகம் சுளிப்பர், வேலை கெடும், பேருந்துச் செலவாகும். இவை யாவும் உண்மையே. ஆயினும், கண்டதைக் கண்டபடி சொல்ல ஒருவரும் இல்லையெனில், நீதிபதி எத்துணை அறிஞராயினும், சட்டம் எத்துணைச் சிறந்ததாயினும், தராசில் வைக்க ஒன்றுமிராது.

செல்வாக்குள்ளவனுக்கு ஒரு நீதி என்று நாம் நொந்துகொள்கிறோம். அந்தச் செல்வாக்கு முதலில் வெல்வது நீதிபதியை அன்று. சாட்சிக் கூண்டில் ஏறும் நம்மைத்தான். நாம் அங்கே உண்மையில் உறுதியாய் நின்றால், ஏழையும் செல்வனும் ஒரே தராசில் நிற்பர்.